உழக்கிக் கேட்ட வருடம்

தொண்ணூற்றொன்று.
கறண்ட் போய் வருடம் கடந்திருந்தது.
பற்றறி தடைசெய்த பொருள்,
மண்ணெண்ணெய் குப்பிவிளக்குக்கே காணாது.

கொழும்புத்துறையில் யூஜின் வீட்டுக் கராஜில்
பழைய றலி சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி
பின்சில்லில் டைனமோவை உரசவிட்டு
வயரை றேடியோவுக்குக் கொடுத்தோம்.
சைக்கிள் இங்கிலாந்து. பாட்டும் இங்கிலாந்து.
முழங்கால் மட்டும் என்னுடையது.

சனிக்கிழமை யூஜினுக்கு.
லண்டனின் முதல் இருபது பாட்டுகளையும்
கணக்குக் கொப்பியில் கோடடித்து
இடம், பெயர், போன கிழமை எத்தனையாம் இடம் என்று
சங்கக் கடை மனேச்சர்போல எழுதுவான்.

புதன் அவன் தமக்கை ஸ்ரெல்லாவுக்கு.
அவளுக்கு வயலின்கள் வேண்டும்,
அறுபது பேர் ஒன்றாய் மூச்செடுப்பது கேட்கவேண்டும்.
அவளுடைய பியானோவுக்குள் ஷெல் துண்டொன்று புகுந்து
நடுவில் மூன்று கட்டைகள் ஊமை.
ஐந்தாந்தரப் பரீட்சைக்கு லண்டனிலிருந்து வந்தவர்
கொழும்போடு திரும்பிவிட்டார்.
ஆனையிறவு தாண்டி எந்தப் பரீட்சகர் வருவார்?

"உழக்கு நேசன், உழக்கு, வயலின் இறங்குது!"

நான் களைத்தால் இசையும் களைக்கும்.
மெதுவான இடங்களிலும்
நான் வேகமாய்த்தான் உழக்கவேண்டும் என்பது
எனக்கு என்றைக்கும் அநியாயமாகவே பட்டது.

யூலையில் லண்டன் பூங்காவொன்றில் பெருமழையாம்.
மேடையில் ஓர் இத்தாலியன் பாட,
பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறதென்று
முன்வரிசைக்காரர் குடைகளை மடக்கி நனைந்தார்களாம்.
அறிவிப்பாளர் அதை வீரச்செயல்போலச் சொன்னார்.
வெளியே, ஆனையிறவுப் பக்கமிருந்து
லைற் போடாத வாகனங்கள்
ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தன.
ஸ்ரெல்லா எழுந்துபோய்
கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தாள்.
இங்கே மழை இல்லை.

அந்தக் கோடையில் ஒரே பாட்டு
பதினாறு கிழமை முதலாமிடத்தைவிட்டு இறங்கவில்லை.
"அவங்களுக்கும் முற்றுகைதான்போல" என்றான் யூஜின்,
பென்சிலைக் கடித்தபடி.

செப்டெம்பரில் கச்சேரிகளின் கடைசி இரவு.
வட்ட மண்டபம் நிறைய ஆட்கள்
கொடியாட்டிக் கடலைப்பற்றிப் பாடினார்கள்.
எங்கள் கடல் அடுத்த ஒழுங்கை முடிவில்தான்.
வலை போடத் தடை.
நான் அன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக உழக்கினேன்.
ஒருவரும் திட்டவில்லை.

டிசம்பர்.
வியன்னாக்காரன் ஒருவன் இறந்து இருநூறு வருடமென்று
அவன் முடிக்காமல்விட்ட மரணப் பூசையை
லண்டன் வாசித்தது.
"இறங்கு, இண்டைக்கு நான்" என்றாள் ஸ்ரெல்லா.
பாவாடையைச் செருகிக்கொண்டு ஏறினாள்.
மூச்சு வாங்க, நெற்றி வேர்க்க,
ஒரு கூட்டம் அழுவதுபோல் தொடங்கிய இடத்தில்
எட்டு அளவு எண்ணி
காலை எடுத்துவிட்டாள்.
சில்லு தன்பாட்டில் சுற்றி, குரல்கள் தேய்ந்து,
கராஜில் நுளம்புச் சத்தம்.

"அவன்ர கை இவ்வளவுதான்.
மிச்சம் வேற ஆள் எழுதினது."

கொப்பி இப்போது என்னிடம்.
போன மாதம் தொலைபேசியில் தேடி
அந்த வருடத்துப் பட்டியல்களோடு ஒவ்வொன்றாய் ஒப்பிட்டேன்.
பிழையில்லை, கிட்டத்தட்ட.
ஓகஸ்ட் பதினேழு, பதினோராமிடம்:
'நேசனும் முழங்கால்களும்', பாட்டு 'காற்றுப்போன ரியூப்'.
அப்படியொரு குழு எந்த நாட்டிலும் இல்லை.

அந்தச் சனி பொம்பர் வந்தது. நான் பங்கருக்குள்.
உழக்க ஆளில்லாமல்
யூஜின் தானே லண்டனாகியிருக்கிறான்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.
அடுத்த கிழமை ஒன்பது. பிறகு ஏழு.
ஒருமுறை பதினான்குக்கு விழுந்து திரும்ப ஏறியிருக்கிறது.
என் முன்னாலேயே,
நான் உழக்க உழக்க எழுதியிருக்கிறான்.

வருடக் கடைசியில் இரண்டாமிடம்.
முதலாவது கிடைக்கவேயில்லை.
அதில் மட்டும் பயல் நேர்மை.